அப்பா வழி நரை

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை வரவில்லை. அம்மா சுகம், நானும் சுகம், உன் தங்கைக்குத்தான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் நாம் பேசும்போதெல்லாம் அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் கடிதம், பொறுமையாகப் படி.

நம் வீட்டில் நரை என்றாலே சிரிப்புத்தான். எனக்கு இருபத்தைந்து வயதிலேயே பாதித் தலை வெளுத்துவிட்டது, லிஃப்ட் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் அப்போதே தாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது டீச்சர் என்னைப் பார்த்து “பேரனா சார்?” என்று கேட்டதை அம்மா இன்னும் விடவில்லை. உன் சித்தப்பா என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவன், அவன் தலையில் தேடினாலும் ஒரு வெள்ளை முடி கிடைக்காது. ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு இது என்னடா ஓரவஞ்சனை என்று கேட்டால், “நான் மூளைய எடுத்து யூஸ் பண்றதே இல்லண்ணே, அதான்” என்பான். இப்படியே பேசிப் பழகிய வீட்டில், போன வருஷம் சின்னவளுக்குக் காதோரம் வெளுக்க ஆரம்பித்தபோது யார் கவலைப்படுவார்கள்? அப்பா வழி என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நானும் பெண்ணுக்குச் சொத்து எழுதிவைத்தவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன். அவள் மட்டும் கண்ணாடி முன்னால் நின்று பிடுங்கிப் பார்த்தாள், பிடுங்கி மாளாமல் டை அடித்துக்கொண்டாள். அதோடு நாங்கள் மறந்துபோனோம்.

அப்புறம் வந்ததையெல்லாம் நரையோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. வேலை விட்டு வந்ததும் சுருண்டு படுத்துக்கொண்டாள், சோம்பேறி என்று திட்டு வாங்கினாள். ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றைச் செருப்போடு வாசலில் வந்து நின்றாள். இன்னொன்று எங்கேடி என்று அம்மா கேட்ட பிறகுதான் குனிந்து தன் காலையே பார்த்தாள், எங்கே கழன்றது என்று அவளுக்கே தெரியவில்லை. நாங்கள் சிரித்தோம்டா. “எவனையோ நெனச்சிக்கிட்டே நடந்து வந்திருக்கா” என்று அம்மா என் காதில் சொன்னாள், நானும் பையன் யாராக இருக்கும், என்ன வேலை பார்ப்பான் என்று மனசுக்குள் விசாரணையே ஆரம்பித்துவிட்டேன். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் ஃபிரேம் அடுக்கிய தட்டு கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது, முதலாளியம்மா “புத்தி எங்க மேயுது?” என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டிருக்கிறார். அதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை.

போன மாதம் நம் மாடிப்படி விளக்கு ஃபியூஸ் போயிருந்த அன்று படியில் விழுந்தாள். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். பார்த்து இறங்கக் கூடாதா என்று அதட்டினேன். அவள் அழவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இருட்டுல என் கால் எங்க இருக்குன்னே தெரியலப்பா. ரொம்ப நாளா பஞ்சு மேல நடக்கற மாதிரிதான் இருக்கு” என்றாள். மறுநாள் கால் வீங்கியிருந்தது, டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் வகிட்டைப் பார்த்தார், டை போய் வேரில் வெள்ளை தெரிந்தது. “இது எப்பலேர்ந்து?” என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டி, “அது இவர் வழிங்க” என்றாள். அவர் சிரிக்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார், நம் பிள்ளை மூடிய கண்ணோடு ஆடிச் சாயப் போனாள். முடியின் வேரில் நிறத்தை உண்டாக்குகிற அணுக்கள் இருக்கின்றன, அவை எந்த வயதில் ஓயும் என்பது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடும், அண்ணன் தம்பிக்குக்கூட ஒன்றாக இருக்காது, ஆனால் சில பேருக்கு உடம்பில் ஏதாவது குறைந்தாலும் சீக்கிரமே வெளுக்கும், வெறும் முடியைப் பார்த்து இது எந்த நரை என்று யாராலும் சொல்ல முடியாது என்று விளக்கிவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பி பன்னிரண்டு என்று ஒரு வைட்டமின், அது அவள் ரத்தத்தில் இல்லை என்றே சொல்லுமளவுக்குக் குறைந்து கிடக்கிறது. அது இல்லாமல் ரத்தமும் குறைந்து நரம்பும் கெட்டிருக்கிறது. என் பிள்ளைக்கு நான் சரியாகப் போடவில்லையா என்று அம்மா அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நீங்க என்ன போட்டாலும் அவ வயிறு அதை மட்டும் எடுத்துக்காதும்மா” என்று டாக்டரம்மாதான் தேற்றினார். இனி அவளுக்கு ஆயுசுக்கும் ஊசி உண்டு. முகத்தில் களை வந்திருக்கிறது, பசிக்கிறது என்கிறாள், முதலாளியம்மாவே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தருகிறேன் என்று சொல்லிப் போனார். ஆனால் கால் மரப்பு முழுசாகப் போகுமா என்று கேட்டால் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் பதில். முடி கறுக்குமா என்று அவளும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இது குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாமாம், அதனால் நானும் அம்மாவும் ரத்தம் கொடுத்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. அம்மா சாமிக்குக் கும்பிடு போட்டாள், எனக்கு அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கவே கூசியது. என் நரை வெறும் நரைதானாம். அதை அவள் தலையில் பார்த்துவிட்டு, என் சாயல் என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நீ அனுப்பின போட்டோவில் உனக்கும் நெற்றிக்கு மேலே வெளுத்திருக்கிறது. “அப்பா ஸ்டைல்” என்று நீயே கீழே எழுதியிருந்தாய். அது என் நரையா, தங்கச்சியின் நரையா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. வேலை அதிகம், லீவு கிடைக்காது, எனக்கு ஒன்றுமில்லை என்கிற பேச்செல்லாம் வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் போய்த் தங்கச்சிக்கு இப்படி என்று சொல்லி ரத்தம் கொடு. கால் விரல் மரக்கிறதா, படி இறங்கும்போது தடுமாறுகிறதா என்பதையும் மறைக்காமல் சொல். தங்கச்சிக்குப் போன் பண்ணும்போது துக்கம் விசாரிக்கிற குரலில் பேசாதே, எப்போதும் போல வம்பிழு. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். நீ நீண்ட ஆயுசோடும் நல்ல உடம்போடும் இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம்.

நான் இதை எழுதுவது சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. “அண்ணனைப் போட்டு பயமுறுத்தாதீங்கப்பா, பாவம், தனியா இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். நான் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். நீ பயப்படு கண்ணா. பயந்துபோய் ரத்தம் கொடு.

உன் அன்பு அப்பா