படத்தில் இல்லாத கன்றுக்குட்டி

வெண்ணந்தூர்
14-8-1982

அன்புள்ள சுவாமிநாதனுக்கு,

ராசப்பன் எழுதுவது. இங்கு நானும் பாப்பாயியும் பிள்ளைகளும் சுகம். அங்கும் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆடியில் மழை ஏமாற்றவில்லை, கடலை முளைத்துவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் கோமாரி ஊசி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோகிறது.

போன மாதம் ஓமலூர் போனபோது ஒரு ரோல் முழுக்க மாட்டுக் கொம்புகளாகவே படம் எடுத்தேன். பன்னிரண்டில் நான்கு தேறின. முன்பென்றால் அவற்றை இதோடு வைத்து, உன் யாஷிகாவுக்கு என் கிளிக் த்ரீ கேமரா எந்த விதத்தில் குறைச்சல் என்று வம்புக்கு இழுத்திருப்பேன். காலேஜில் ஒரே கேமராவுக்குப் பங்காளிகளாக இருந்தவர்கள் அல்லவா நாம். இப்போது கை வரவில்லை.

ஜூலை மாதம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நீ வேலை பார்க்கும் பத்திரிகையைப் பார்த்தேன். புருஷன் வெளியூரில் இருக்கையில் வழி தவறிப்போகும் ஒருத்தியின் கதை. எதிர்ப்பக்கம் முழுக்க எங்கள் ஊர் மாரக்காளின் முகம், நான் எடுத்த படம். அவிழ்ந்த தலைமுடி, வாய் கொள்ளாத சிரிப்பு. கீழே 'படம்: சுவாமிநாதன்' என்று போட்டிருந்தது. என் பெயர் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

அந்தப் படம் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். தை மாதம் மாரக்காள் வீட்டு மாடு கன்று போட முடியாமல் தவித்தது. டாக்டர் லீவு. இரண்டு மணி நேரம் போராடிக் கன்றை வெளியே எடுத்தேன். அதை மடியில் போட்டு வைக்கோலால் துடைத்தபடி, அழுதுகொண்டே சிரித்தாள் அந்தப் பெண். மாமியார் ஆத்தாயி பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எடுங்க, ஆனா அத்தையும் கன்னுக்குட்டியும் கூடப் படத்துல விழுகோணும். நா மட்டும்னா வேண்டாங்க" என்றாள். அப்படியே எடுத்தேன்.

மாசியில் நீ வந்து பார்த்து, சென்னைக் கண்காட்சிக்குப் பெரிதாகப் போடுகிறேன், அவளுக்கும் ஒன்று தரலாம் என்றாய். பிலிமையும் என்னிடமிருந்த ஒரே பிரிண்டையும் உன் கையில் கொடுத்தேன். நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?

அவள் புருஷன் சின்னண்ணன் நாக்பூர் பக்கம் ரிக் லாரியில் போர்வெல் போடுகிறவன். ஊர்க்காரன் எவனோ அந்தப் பத்திரிகையை அங்கே கொண்டுபோயிருக்கிறான். லாரியில் உட்கார்ந்து கதையைச் சத்தமாக வாசித்து எல்லோரும் சிரித்தார்களாம். அடுத்த வாரமே ஊருக்கு வந்துவிட்டான். அவள் கையால் ஒரு வாய்ச் சோறு தின்னவில்லை. "நானு அவ பக்கத்துலயேதான் நின்னேன் சாமி" என்று ஆத்தாயி சொன்னதற்கு, அவன் பத்திரிகையை நீட்டி, "படத்துல நீ எங்க ஆத்தா இருக்கற?" என்று கேட்டானாம். நானும் போய் நடந்ததைச் சொன்னேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வண்டியேறிவிட்டான். இன்றுவரை ஒரு கடிதம் இல்லை.

இதையெல்லாம் முன்பே எழுதினேன். 'முகம்தான் தேவை, கன்று இடைஞ்சலாக இருந்தது' என்று ஒரே வரியில் கார்டு போட்டாய்.

நேற்று மாரக்காள் எதிரே வந்தாள். படம் எடுத்தது நான்தான், ஆனால் வெட்டிப் போட்டது மெட்ராஸ்காரர் என்று சொன்னேன். "அவருக்கு என்னையத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். உன்னை நம்பியது என் குற்றம்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பிலிமை ரிஜிஸ்டர் தபாலில் உடனே அனுப்பு. சேலத்தில் கொடுத்து, ஓரம் கொஞ்சமும் வெட்டாமல் பெரிதாகப் போட்டு, நானே நாக்பூருக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். நீ செய்ததை உன் கையெழுத்தில் சின்னண்ணனுக்கு இரண்டு வரி எழுதி அதோடு வை. மன்னிப்பு என்ற சொல் உனக்குக் கஷ்டமாக இருந்தால் வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும்.

தையில் உன் மகளுக்குக் கல்யாணம் என்று எழுதியிருந்தாய். குழந்தை நிறைவாக வாழட்டும். போகிற வீட்டில் அவளை யாரும் பாதியாகப் பார்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ராசப்பன்