சாப்பாட்டுச் சங்கு

ஆவடி,
4.7.1999

அன்பு மகன் பரந்தாமனுக்கு, அப்பா கன்னியப்பன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ நிற்கிற மலையில் சண்டை எப்படி என்று தினமும் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். உன் கடிதம் வந்து நாளாகிறது.

போன கோடையில் வறண்ட பருத்திப்பட்டு ஏரிக்குள் ராஜா காலத்துப் போர்ப் படம் எடுத்தார்கள், நானும் எங்கள் பாக்டரி ஆட்களும் லீவு போட்டுவிட்டுச் சிப்பாய் வேஷம் கட்டினோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்தப் படம் வந்துவிட்டது. மகன் மட்டுமா, அப்பனும் பட்டாளத்துக்காரன்தான் என்று பீற்றிக்கொண்டு தெருவையே அம்பத்தூர் தியேட்டருக்கு இழுத்துப் போனேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

படம் மகா அறுவை. ராஜா சண்டை போட்டதைவிட வசனம் பேசியதுதான் அதிகம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷூட்டிங் அன்று நாங்கள் வாளோடு பாய்ந்துகொண்டிருந்தபோது பாக்டரியில் மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது. இத்தனை வருடப் பழக்கம், கால் நிற்குமா? அத்தனை பேரும் வாளைப் போட்டுவிட்டுச் சோற்றுக்கு ஓடினோம். டைரக்டர் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி எடுத்தார். ஆனால் படத்தில் வைத்திருப்பது அந்த ஓட்டத்தைத்தான்! எதிரியைக் கண்டு நம் படை புறமுதுகு காட்டுகிறதாம். முதல் ஆளாக, சிரித்த முகத்தோடு ஓடிவருகிறவன் நான்.

தியேட்டரே ஊளையிட்டது. பக்கத்து வீட்டு வீராசாமி, "இன்னா அண்ணாத்தே, புள்ள அங்க மலையில நிக்கிறான், நீ இங்க சோத்துக்கு ஓடுறியே" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். என்னால் பட்ட அவமானம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் சமாதானம் சொன்னேன். "அதுக்கா அழுதேன்? ஓடியாந்தவங்க அத்தினி பேரும் உசுரோட ஊடு போய்ச் சேந்துட்டாங்க இல்ல" என்றாள். பட்டாளத்துக்காரனைப் பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். அதிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உன் கூட்டாளிகள் யாராவது அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால், அது என் அப்பா என்று சொல்லிக்கொள்ளாதே. அந்த வெட்கம் என்னோடு போகட்டும். ஆனால் அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் கத்தினேனே தவிர, என் மனசிலும் அதேதான் ஓடுகிறது.

ஜெயித்து வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வா, என் சாமி. வந்தால் போதும்.

உன் அப்பா,
கன்னியப்பன்