முதுகில் ஜெட் சுமந்த விமானம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

ஞாயிறானால் நான் தங்கியிருக்கும் பூன் லேயிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பிவிடுகிறேன். அங்கே ஒரு தேநீர்க்கடையில் விமானப் பைத்தியங்கள் நாலு பேர் கூடுகிறோம். ஒருவர் பழைய விமானம் ஒன்றுக்குக் குறிப்புச் சொல்ல, மற்றவர்கள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போன வாரம் என் முறை. "ரெட்டை வால், ரெண்டு விசிறி, முதுகு மேல ஒரு ஜெட்டு" என்றேன். யாருக்கும் தெரியவில்லை. ஆக்ராவில் நீங்கள் பழுது பார்த்த 'பாக்கெட்' என்ற சரக்கு விமானம் என்று சொன்னதும், இங்கேயே பிறந்து வளர்ந்த ஸைஃப் சிரித்துவிட்டார்.

"பாக்கெட்டுக்கு ஏது ஜெட்டு? அப்படி ஒண்ணு இல்ல லா."

"மலை ஏற வலு போதலன்னு இந்திய ஏர்ஃபோர்ஸ் தனியா மாட்டினது" என்றேன். நம்பவில்லை. ஆதாரம் காட்டும்வரை குறிப்புச் சொல்ல எனக்குத் தடை.

நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்த விமானப் படத்தைக் கழற்றி, அதைப் போனில் படம் எடுத்து அனுப்பத் தங்கை சிவானியிடம் சொல்லுங்கள். ஜெட் தெரிந்தால் போதுமென்று, பக்கத்தில் நிற்கும் உங்களை வெட்டிவிட வேண்டாம். சட்டத்தின் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும். அம்மா சாய்த்துப் பிடித்துக்கொள்ளட்டும். அம்மாவின் கை தெரிந்தாலும் பரவாயில்லை.

வேலைக்குப் போகக் கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்,
வேலவன்