சரக்கு வாசலின் பீப் சத்தத்தை நிறுத்தச் சொன்னவள் நான்

அனுப்புநர்:
மூன்றாம் மாடி, பல்பொருள் அங்காடியின் சரக்கு வாசலுக்கு எதிர்வீடு.

பெறுநர்:
தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: ஃபோர்க்லிஃப்ட் ஏறிக் கால் நசுங்கிய பெண்மீது சுமத்திய பழியை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

என் மூத்த பேரன் பாலம் கட்டும் பொறியாளர். நடுப்பேத்தி பல் மருத்துவர்; என் பல்செட் அவள் கைவேலைதான். கடைக்குட்டி இந்த வருடம் நுழைவுத் தேர்வில் ஜெயித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பெருமைக்காக மட்டும் இதை எழுதவில்லை. கடைக்குட்டியின் படிப்பில்தான் இந்த மனுவின் காரணமே இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. அங்காடியின் சரக்குத் தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும்போதெல்லாம் பீப் பீப் என்று கத்தும். பிள்ளை படிக்க முடியவில்லை என்று, போன வருடம் படியேறிப் படியேறி முப்பத்திரண்டு வீட்டில் கையெழுத்து வாங்கி மேலாளரிடம் கொடுத்தேன். மறுநாளே அவர் பழக்கூடையோடு வந்து, "இனிமே சத்தமே வராதும்மா, ஒயரையே புடுங்கச் சொல்லிட்டேன்" என்றார். தேர்வு முடிந்தது. ஒயரைத் திரும்ப மாட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் சாதித்ததை மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2. சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே, சரக்கு அடுக்கும் பெண் குனிந்து எண்ணெய் டின்களுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். வண்டி சத்தமில்லாமல் பின்னோக்கி வந்து அவள் இடது காலில் ஏறியது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

3. அவள் செல்போனில் பேசிக்கொண்டிருந்ததாக எழுதிவைத்து, அங்காடியார் அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் கையில் போன் இல்லை. விலைச்சீட்டுச் சுருள்தான் இருந்தது.

4. உங்கள் அலுவலகத்து அம்மா வீடுவீடாக விசாரித்தபோது, எதையும் பார்க்கவில்லை என்றேன். அது பொய். ஒயர் விஷயம் வெளியே வந்தால் பேத்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன். போன ஞாயிறு அந்தப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எனக்கும் அந்தச் சத்தம் புடிக்காது பாட்டி. ஆனா அது கத்தினா கால் தன்னால நகந்துடும்" என்றாள்.

ஆகவே என் பொய்யை அடித்துவிட்டு இதையே சாட்சியாக எழுதிக்கொள்ளவும், ஒயரை இன்றே மாட்ட உத்தரவிடவும், அவளை உட்கார்ந்து பார்க்கும் வேலையில் சேர்க்கச் சொல்லவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

மேலும், அங்காடியின் அறிவிப்புப் பலகையில் அவள் படத்தை ஒட்டி, 'கவனக்குறைவின் விளைவு' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லுங்கள். அதே இடத்தில் ஒட்டுவதற்கு, நேற்று ஸ்டுடியோவில் எடுத்த என் புதிய படத்தை இணைத்துள்ளேன். கீழே உள்ள எழுத்து அப்படியே இருக்கட்டும்.

நாள்: 11, திங்கட்கிழமை
இடம்: மூன்றாம் மாடி

இப்படிக்கு,
கண்ணால் பார்த்தவள்
(கையெழுத்து)