ஏட்டோடு நீ குடித்த டீ

என் அருமை சாமிதாஸ் அண்ணே,

நான் சொல்லச் சொல்ல உன் மகள் எஸ்தர் எழுதுகிறாள். உன் நினைவு நாள் ஜெபத்துக்கு நோட்டீஸ் அச்சடிக்கப் போகிறாளாம். "சித்தப்பா, அப்பாகூட டேனரியில வேலை செஞ்சவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். சொல்லுங்க, எழுதறேன்" என்று நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

உன் பெண் டீச்சராகி, இப்போது ரிட்டையரும் ஆகப்போகிறாள். யோசிக்கும்போது உன்னைப் போலவே மூக்கைத் தேய்க்கிறாள்.

டேனரியில் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதே நீதான். முதல் நாள் கை வெந்து அழுதேன். "இன்னாடா, கல்யாணப் பொண்ணா நீ? மருதாணி வச்சினு வந்தியா?" என்று சிரித்துக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாய்.

பிறகு நக்சல்பாரித் தோழர்கள் வந்தார்கள். கூலியைக் கேட்டு வாங்கச் சொன்னார்கள், நிமிர்ந்து நடக்கச் சொன்னார்கள். நான் அவர்கள் பின்னால் போனேன். மேஸ்திரி நீ, போகவில்லை. அவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை அண்ணே. இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் எதிரில் நீ ஏட்டோடு டீ குடித்துக்கொண்டிருந்தாய். அவர் கிளாஸையும் நீதான் பிடித்துக்கொண்டு நின்றாய். மத்தியானம் தோழர்களிடம் சொன்னேன். "மேஸ்திரி இன்னா பேசினாரு?" என்றார்கள். "நம்ம பேரெல்லாம் சொல்லினு இருந்தாரு" என்றேன். என் காதில் ஒன்றும் விழவில்லை அண்ணே. படிக்காத என் பேச்சை நாலு பேர் உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் என் தம்பி வீடு திரும்பினான். தோழர்களோடு திரிகிறான் என்று இரண்டு நாளாக அவனை ஸ்டேஷனில் அடைத்து வைத்திருந்தார்கள். "மேஸ்திரி அண்ணன்தான் ஏட்டு கையக் கால புடிச்சி இட்டாந்தாரு" என்றான். அப்போதே நான் தோழர்களிடம் ஓடியிருக்க வேண்டாமா? பேச்சை மாற்றினால் என்னையே சந்தேகப்படுவார்களோ என்று பயம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

காலை ஷிப்டுக்கு வந்த உன்னைப் பாலாற்று மணலில் வெட்டிப் போட்டிருந்தார்கள். மேலே ஓர் அட்டை. பக்கத்தில் நின்றவனைப் படிக்கச் சொன்னேன். 'காட்டிக் கொடுத்தவன்' என்று எழுதியிருந்ததாம்.

அப்புறம் போலீஸ் வந்து தெருவையே அடித்தது. பிடித்துப் போன தோழர்களில் இரண்டு பேர் பிணமாகத்தான் வந்தார்கள். இன்றும் ஜீப் சத்தம் கேட்டால் எங்களைப் போன்ற கிழவர்களுக்குப் பேச்சு நின்றுவிடும். எஸ்தரைப் பள்ளிக்கூடத்தில் "காட்டிக் கொடுத்தவன் பொண்ணு" என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை.

இதுவரைக்கும் எழுதிவிட்டு எஸ்தர் பேனாவை மூடினாள். "இத்தினி வருஷமா கிறிஸ்மஸுக்கு எங்க வீட்ல சாப்டீங்களே சித்தப்பா" என்றாள். நோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதற்கு மேல் எழுதுவது என் மருமகள். "இப்ப எதுக்கு மாமா இதெல்லாம்?" என்கிறாள். இப்போது இல்லாவிட்டால் வேறு எப்போது அண்ணே?

கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் ஜெபத்துக்கு வருவேன். உள்ளே விடாவிட்டால் வாசலிலேயே நின்று எல்லார் காதிலும் விழச் சொல்வேன்: சாமிதாஸ் மேஸ்திரி யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தவன் நான்.

நீ தம்பி என்று கூப்பிட்ட
கன்னியப்பன்