அயர்லாந்தில் எந்த ஊர்?

1997 நவம்பர் 1, சனி

மழை. ரொறன்ரோவில் விடிந்ததிலிருந்து ஒரே தூறல். உடுப்புத் தோய்க்கக் கீழே போனால் இரண்டு மெஷின் பழுது. மூன்றாவதில் யாரோ கால்மிதியைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள்.

வாங்க: பால், கோவா, மாஜரீன், இவருடைய பிரஷர் குளிசை.

இவர் ஒருவழியாக வாயைத் திறந்தார். மகள் வாசுகி, தான் கட்டப்போகிற கெவினைப் பற்றிச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இவ்வளவு நாளும் ரீவிக்கு முன்னால் ஊமை. இன்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு:

"வெள்ளைக்காரன் எண்டதுக்காக நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆக்கள் ஆர் எண்டு தெரியவேணும். எந்த ஊர், என்ன குடும்பம், பாட்டன் பூட்டன் என்ன செய்தவை? விசாரிக்காமல் நான் மணவறைக்குக் கிட்டவும் வரமாட்டன். நீர் கேட்டுச் சொல்லும்."

நான் கேட்க வேண்டுமாம். இவருடைய வாய் எதற்கு?

மே மாதத்துக்கு மண்டபம் எடுத்தாயிற்று. தகப்பன் வராமல் தாரைவார்ப்பது யார்? வாசுகி போன கிழமையே சொல்லிவிட்டாள்: "அப்பா வராட்டில் எனக்கு வெடிங்கே வேண்டாம் அம்மா. நானும் கெவினும் சிற்றி ஹோலில போய் சைன் பண்ணிப்போட்டுப் போறம். பிறகு இஞ்ச வரமாட்டன்." சொன்னால் செய்வாள். தகப்பனுடைய அதே பிடிவாதம், அச்சு அப்படியே. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி.

ஊரில் என்றால் பிரச்சினையில்லை. மாப்பிள்ளை வீட்டுச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி ஒரு தேத்தண்ணீர் குடித்தால் மூன்று தலைமுறைக் கதையும் வந்துவிடும். கெவினுடைய ஆட்கள் தாய் வழி, தகப்பன் வழி இரண்டும் அயர்லாந்து. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தி வந்தவர்கள். எந்தச் சந்தியில் போய் நிற்கிறது?

பின்னேரம் லண்டனிலிருந்து ஃபோனில் மச்சாள், இவருடைய அக்கா. "வெள்ளையளுக்குள்ளயும் இருக்குதாம். வடிவா விசாரியுங்கோ." என்ன இருக்கிறது என்று கேட்டால் வாய்க்குள் கொழுக்கட்டை.


நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டது. இடுப்பில் நாரிப் பிடிப்பு விடவில்லை.

கெவினின் தாய் மோரீனுக்கு ஃபோன் எடுத்தேன். விதவை. கபேஜ்ரவுனில் தனிய இருக்கிறார். என்ன சொல்வது என்று குளியலறைக்குள் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு எடுத்தேன். எங்கள் வழக்கப்படி சம்பந்தம் செய்ய முதல் இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும், உங்கள் முன்னோர் யார், என்ன தொழில், அயர்லாந்தில் எந்த ஊர் என்று அறிய ஆசை என்று என் உடைந்த இங்கிலீசில் ஒப்புவித்தேன்.

கோபமோ என்று பயந்துபோனேன். மோரீன் சிரித்தார். என் பிள்ளைகளே ஒரு நாளும் கேட்டதில்லை, நீங்கள்தான் கேட்கிறீர்கள், படங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனுசி இதை அன்பென்று நினைத்துக்கொண்டு பெட்டி தூக்கி வரப்போகிறது.

வாசுகிக்கு இவருடைய நிபந்தனையைப் பற்றி மூச்சு விடவில்லை. சும்மா ஆசைக்குக் கேட்டதாகத்தான் சொல்லியிருக்கிறேன்.


நவம்பர் 8, சனி

குளிர். வடை, றோல்ஸ், கேக். றோல்ஸ் இரண்டு வெடித்துவிட்டது. அதை இவருக்கு வைத்தேன்.

மோரீன் மூன்று சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். பஸ்ஸில். கெவின் கொண்டுவந்து விடுகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டாராம். வந்ததும் கோட்டைக் கழற்றாமலே மேசை முழுக்கப் படங்களைப் பரப்பினார். முக்கால்வாசியில் பின்பக்கம் பெயரில்லை. இது யார்? தெரியாது. இது? பெரியம்மாவாக இருக்கலாம். இந்தக் குழந்தை? செத்துப்போனது என்று மட்டும் தெரியும். ஐயோ கடவுளே, ஒரு பென்சிலுக்குமா பஞ்சம் அந்த வீட்டில்!

இவர் லொத்தர் நம்பர் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊரில் கலியாணப் பேச்சுக்குப் படம் வந்தால் எங்கள் ஆட்கள் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. கதிரையில் யார், நிற்கிறது யார், காலில் செருப்பு உண்டா, பின்னால் தெரிவது கல்வீடா மண்வீடா. அதே கண்ணால்தான் அயர்லாந்துக்காரரையும் பார்த்தார். மோரீனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தபோது கணக்குப் பார்த்த அதே மூஞ்சி.

ஒரு படத்தில் பெரிய மனுசன் ஒருவர். மீசை, மணிக்கூட்டுச் சங்கிலி, கையில் பிரம்பு, பின்னால் குதிரைவண்டி. இவர் தலையை ஆட்டினார். மோரீன் குசினிக்குள் போன நேரம் பார்த்து என் காதுக்குள், "இஞ்சேரும், உது நல்ல பெரிய இடம். ஆளின்ர நிலையைப் பாரும்."

வடை எப்படிச் செய்வது என்று மோரீன் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். ஏழு வடை சாப்பிட்டார். நல்ல மனுசி. எனக்குப் பிடித்துவிட்டது, அதுதான் இன்னும் கரைச்சல்.


நவம்பர் 9, ஞாயிறு

இவர் லண்டனுக்குத் தானாக ஃபோன் எடுத்தார். ஆச்சரியம். "காணி பூமியோட இருந்த ஆக்கள், அக்கா. குதிரைவண்டி வைச்சிருந்தவை." மச்சாளுக்குப் புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டாவாம். இவர் என்னைப் பார்க்கிறார்.

புதன் எனக்கு லீவு. மோரீனோடு டவுன்ரவுன் போய்ப் பழைய குடிசனப் பதிவுகள் பார்ப்பதென்று ஏற்பாடு. என் லீவு நாளெல்லாம் செத்துப்போன அயர்லாந்துக்காரருக்குத்தான்.


நவம்பர் 12, புதன்

பனிக்காற்று. மோர்னிங்சைட்டிலிருந்து இரண்டு பஸ், ஒரு சப்வே. போய்ச் சேரும்போதே அரை உயிர்.

பதிவேடுகளைப் பிடித்து வைத்த படச்சுருளை மெஷினில் மாட்டிச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற எனக்குத் தலை சுற்றியது. எழுத்து கோழி கிளறினது போல. எல்லோருக்கும் ஒரே பெயர். பற்றிக், ஜோன், மேரி. மேரியின் மகள் மேரி, அவளுடைய மாமியும் மேரி. எங்கள் ஊரில் கந்தையாவைத் தேடினால் பரவாயில்லை, பட்டப்பெயராவது இருக்கும்.

பின்னேரமாகித்தான் ஆள் அகப்பட்டார். மோரீனின் பூட்டன். பெயர் பற்றிக், வேறென்ன. தொழில்: கூலி. வாசிக்கத் தெரியாது. பிறந்த இடம்: அயர்லாந்து.

அவ்வளவுதான். ஊர் இல்லை. நான் அந்தப் பக்கம் முழுவதும் பார்த்தேன், எல்லோருக்கும் அயர்லாந்து, அயர்லாந்து, அயர்லாந்து. மோரீன் சொன்னார், இது அவருக்கு முதலே தெரியுமாம், முன்னொரு தரம் வந்து தேடியிருக்கிறாராம். பஞ்சத்தில் கப்பலேறி வந்தவர்கள், எழுதியவன் அதற்கு மேல் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஊர்க் கதை சொன்னதில்லையாம்.

தெரிந்துகொண்டா என்னை இவ்வளவு தூரம் இழுத்தீர்கள் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. இங்கே வந்து இறங்கிய அன்று ஒருவன் என்னிடமும் கேட்டு எழுதினான். ஊர்ப் பெயரை இரண்டு தரம் சொன்னேன். பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, சிறீ லங்கா என்று மட்டும் எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அந்த மணிக்கூட்டுச் சங்கிலிக்காரரைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவர் இவர்களுடைய ஆளே இல்லையாம். முதலாளி. பின்னால் குதிரையின் வாயைப் பிடித்துக்கொண்டு, முகம் பாதி மறைந்து நிற்கிறவர்தான் மோரீனின் தாத்தா. வண்டியோட்டி.

வழி முழுக்க ஒரே யோசனை. இதை இவரிடம் எப்படிச் சொல்கிறது?


நவம்பர் 15, சனி

முதல் பனி. பாதையெல்லாம் சேறு.

சொன்னேன். மூன்று நாள் ஒளித்தேன், இனி முடியாது. சோறு போட்டுக்கொடுத்துவிட்டுச் சொன்னேன், அது பிழை. சோறு அப்படியே இருந்தது.

"கூலிக்காரர். ஊரும் இல்லை. நான் அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"அக்காவோ கலியாணம் கட்டப்போறா?"

"நீர் வாயை மூடும். ஆர் எண்டே தெரியாத ஆக்களுக்கு நான் என்ர பிள்ளையைத் தாரைவார்க்க மாட்டன். சொல்லிப்போட்டன்."

எங்கள் கெட்ட காலம், வாசுகி கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"ஓ மை கோட். அப்பா, இதுக்கோ மோரீனை வரச்சொல்லிப் படம் பார்த்தனீங்கள்? அவங்கட சாதி பார்க்கவோ? அம்மா, யூ ந்யூ?"

தெரியும் என்றேன். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பையில் நாலு உடுப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு வோபர்னில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். தொப்பி இல்லாமல். வெளியில் பனி கொட்டுகிறது.

இவர் ரீவியைப் போட்டார். நான் போய் நிற்பாட்டினேன். திரும்பப் போட்டார். கேபிள் வயரைக் கழற்றி என் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். கோதாரி விழுந்த மனுசன்.


நவம்பர் 16, ஞாயிறு

வாசுகி ஃபோன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் சிநேகிதியின் ஆன்சரிங் மெஷின்தான் பேசுகிறது.

சமைக்கவில்லை. பாண் இருந்தது. வேண்டுமென்றால் சாப்பிடட்டும்.

எனக்கு என் பிள்ளை வேண்டும். அயர்லாந்து கடலுக்குள் போனாலும் எனக்குக் காரியமில்லை.


நவம்பர் 18, செவ்வாய்

வேலையால் வந்து உடுப்பு மாற்றவில்லை, மணி அடிக்குது. கதவைத் திறந்தால் மோரீன். சொல்லாமல் கொள்ளாமல். வீடு கிடந்த கிடை! கதிரை முழுக்க மடிக்காத உடுப்பு. வாசுகி கெவினிடம் சொல்லி, கெவின் தாயிடம் சொல்லி, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லம் போல இருந்தது.

என்னிடம் கோபமில்லை என்றார். நீங்கள் ஃபோனில் கேட்ட அன்றே எனக்கு விளங்கிவிட்டது, என் அப்பாவும் இதே கேள்விகள்தான் கேட்டார் என்றார். பிறகு இவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்து வைத்தார். பெட்டிகளுக்குள் இல்லாத படம்.

கலியாணப் படம். கோயில் வாசற்படியில் இளம் மோரீன், புருசன், பக்கத்தில் ஆட்கள். இவர் வழக்கப்படி பூதக்கண்ணாடியைத் தேடினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

மோரீன் கதையைச் சொன்னார். புருசனும் அயர்லாந்துக்காரர்தான். ஆனால் புரட்டஸ்தாந்து. மோரீனின் அப்பா கத்தோலிக்கர். ரொறன்ரோவில் ஒரே பகுதி, இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எந்தக் கோயில், தகப்பன் யார், எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அப்பா விசாரித்தார். விசாரித்துவிட்டு வரமாட்டேன் என்றார். வரவில்லை. மோரீனைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் விட்டது அண்ணன். பிறகு மோரீன் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் அப்பா அந்தப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவாராம்.

இவர் தொண்டையைச் செருமினார். சங்கக்கடை இங்கிலீசில் கேட்டார், "பிறகு ஒரு நாளும் வரேல்லையோ?"

வந்தாராம். மோரீனின் புருசன் செத்த வீட்டுக்கு. தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றாராம். கெவின் அப்போது சின்னப் பிள்ளை. தாயின் சட்டையைப் பிடித்து இழுத்து, அம்மா, இந்த ஆள் யார் என்று கேட்டானாம்.

நான் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை. இவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம், "இஞ்சேரும், அவவின்ர தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற போட்டுக் குடும்."

மோரீன் போகும்போது இவர் பஸ் தரிப்புவரை கூடப் போனார். பனிக்குள், வீட்டுச் செருப்போடு. என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம்.


நவம்பர் 19, புதன்

வெயில். ஆனால் குளிர் வெட்டுது.

லீவு. மெஷின் திருத்தியாயிற்று, உடுப்புத் தோய்த்தேன். மத்தியானம் ஃபோன் மணி, லண்டன் மச்சாளாகத்தான் இருக்கும். இவர் ஃபோனடியில்தான் இருந்தார். அடிக்க விட்டார். எடுக்கட்டோ என்று கேட்டதற்கு, "விடும், பிறகு பார்ப்பம்."

பிறகு சிநேகிதி வீட்டு நம்பரைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இந்த மனுசனுக்கு மெஷினோடு பேச முடியாது, ஒரு நாளும் பேசியதில்லை. பீப் அடித்த பிறகும் மூச்சுத்தான் போகிறது. நான் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"பிள்ளை... அப்பா கதைக்கிறன். அப்பா... வாசுகி, அப்பா மேயில வருவன். மணவறைக்கு வருவன். மோரீனிட்டயும் சொல்லிப்போட்டன். நீ..."

பீப். மெஷின் வெட்டிவிட்டது. இவர் ரிசீவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்ப எடுத்தார்.

"அப்பாதான். சாப்பிட்டனியோ எண்டு கேக்க மறந்துபோனன்."