காலண்டரில் எழுதி வைத்த வெள்ளிக்கிழமை

பாப்பு,

அம்மா எழுதுறேன். நடமாடிக்கிட்டு இருக்கேன், ரெண்டு வேளை சாப்பிடுறேன், அதுக்கு மேல என்னைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. நீ அங்க நோய்நொடி இல்லாம இருந்தா அதுவே எனக்குப் போதும். போன்ல பேசினா அப்பான்னு ஆரம்பிக்கும்போதே நீ வெச்சிடுற, நானும் வெச்சிடுறேன், சொல்ல வேண்டியது அப்படியே கிடக்கு. அல்லா பிச்சை மாமாவோட தங்கச்சி மகன் வியாழக்கிழமை குவைத்துக்குக் கிளம்புறானாம், அவன்கிட்ட இதையும் கறிவேப்பிலைப் பொடியையும் கொடுத்து விடுறேன். ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு வந்து வெறும் வயித்துல காபி குடிக்காதே. நம்ம செவலை கன்னு போட்டிருக்கு, கெடேரி. அப்பா இருந்தா தெருவுக்கே சீம்பால் கொடுத்திருப்பார். எனக்குக் கறக்கவே கை வரல.

இங்க ஒண்ணு நடந்துபோச்சு, முதல்லேர்ந்து சொல்றேன். அப்பா போனை நான் அணைக்கல, தினம் சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கேன். பொங்கல் முடிஞ்ச வாரம் அது அடிச்சுது. குத்தாலம் பக்கத்துலேர்ந்து மங்களாம்பிகைன்னு ஒரு அம்மா, பத்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒத்தை ஆளாப் பயிர் பண்றவங்க. அஞ்சாறு வருஷமா அப்பாவும் அல்லா பிச்சை பாய் மாமாவும் கூட்டா வாங்கின நம்ம அறுவடை மெஷின்தான் அவங்களுக்கு அறுக்கும். அண்ணன் இருக்காரான்னு கேட்டாங்க. வயல்ல இருக்காரும்மா, என்கிட்ட சொல்லுங்கன்னு சொல்லிட்டேன். வேணும்னு சொல்லல பாப்பு. பதினெட்டு வருஷமா அந்தக் கேள்விக்கு என் வாய் சொல்ற பதில் அது. வயல் ஈரமா இருக்கு, டயர் வண்டி எறங்காது, உங்க பெல்ட் வண்டி வெள்ளிக்கிழமை வேணும்னாங்க. வந்துடும், நம்பி இருங்கன்னு சொல்லி காலண்டர்ல அந்த வெள்ளிக்கிழமைத் தாள்ல அவங்க பேரை எழுதி வெச்சேன். எப்பவும் அதுதானே வழக்கம். நான் எழுதி வெப்பேன், அப்பா காலையில பல்லு விளக்கிக்கிட்டே பார்ப்பார், மெஷினோட இருக்கிற பாய் மாமாவுக்கு போன் போடுவார், வண்டி கிளம்பிடும். எழுதினதோட என் வேலை முடிஞ்சுதுன்னு அடுப்படிக்குப் போயிட்டேன். அதைப் பார்க்க ஆள் இல்லேங்கறது அன்னைக்கு எனக்குத் தோணவே இல்ல.

வெள்ளிக்கிழமை வண்டி கூத்தாநல்லூர் பக்கம் வேற வயல்ல நின்னுது. மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தம்மா ரெண்டு தடவை போன் அடிச்சிருக்காங்க, நான் மாசத் திதி கொடுக்க ஆத்தங்கரைக்குப் போயிருந்தேன். வேற ஒரு மெஷின்காரன் வந்து கேட்டதுக்கு, ஆள் சொல்லியாச்சு தம்பின்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மழை. பயிர் மொத்தமும் படுத்து, கதிரோட முளை விட்டுடுச்சு. கொள்முதல் நிலையத்துல கையால கூடத் தொடல. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்துட்டாங்க, முளைச்ச கதிர் ஒரு பிடி முந்தானையில முடிஞ்சு எடுத்துக்கிட்டு. எங்கேம்மா உன் வீட்டுக்காரர்னு உள்ள வந்தவங்க மாலை போட்ட படத்தைப் பார்த்துட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, போன மனுஷனை வயல்ல இருக்காருன்னு சொல்லி என் வயலைச் சாகடிச்சிட்டியேன்னு. தண்ணி கொடுத்தேன், குடிச்சாங்க. என்ன செஞ்சுது அவருக்குன்னு கேட்டாங்க, சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, கதிரை மட்டும் தரையில வெச்சுட்டுப் போயிட்டாங்க. அது இன்னும் ஜன்னல்ல இருக்கு.

மறுநாள் பாய் மாமா அவர் மருமகனோட வந்தார். மருமகன், கூட்டாளி செத்த அன்னைக்கே கூட்டு முடிஞ்சுது, பொம்பளைங்க போன்ல உளறினதுக்கெல்லாம் நாம பொறுப்பான்னு கேட்டான். மாமா அவனை நிமிர்ந்து பார்த்தார், அவன் வெளியில போய் நின்னுக்கிட்டான். அதுக்கப்புறம் பாபநாசத்துல பிரகதீஸ்வரின்னு ஒரு வக்கீலம்மாகிட்ட போனோம். அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். கூட்டுத் தொழில்ல ஒருத்தர் தொழிலுக்காகச் சொன்ன வார்த்தை மத்தவரையும் கட்டும். ஒருத்தர் இறந்துட்டா கூட்டு அதோட கலைஞ்சுடும், அப்படி இல்லேன்னு பத்திரத்துல எழுதியிருந்தாத்தான் தொடரும். நம்ம பத்திரத்துல அது இல்ல. எழுதினவர் அன்னைக்கே கேட்டாராம், அப்பாதான் நல்ல காரியம் தொடங்கும்போது சாவை எழுதாதீங்கன்னு தடுத்தாராம். அப்புறம் என்னைக் காட்டி, நீங்க கூட்டாளி இல்ல, உங்க வீட்டுக்காரரோட ஏஜெண்டுன்னாங்க. இன்சூரன்சுக்கு வர்றவங்களைத்தான் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கேன். ஒருத்தர் தனக்காகப் பேச விட்டு, அதைத் தன் வார்த்தையா நடத்திக்கிட்டு வந்தா, காகிதம் இல்லேன்னாலும் ஏஜெண்டுதானாம். அவர் போனது ஏஜெண்டுக்குத் தெரிஞ்சதும் அந்த அதிகாரமும் போயிடுமாம். ஆனா அவர் போனது தெரியாம நம்பினவங்களை அப்படிக் கைவிட முடியாதாம். நாம ஊருக்குத் தெரியுற மாதிரி பேப்பர்ல விளம்பரம் போட்டிருக்கணும், போடல.

பாய் மாமா, சட்டம் இருக்கட்டும்மா, வண்டி மேல தியாகராசன் போன் நம்பரை எழுதினது நான், அழிக்காம விட்டதும் நான், தங்கச்சி சொன்னது தியாகராசன் சொன்னதுதான்னார். மங்களாம்பிகையம்மாவுக்குக் குறுவைக்கு விதைநெல் கொடுத்து, அறுப்பும் கூலி வாங்காம அறுத்துக் கொடுக்கறதுன்னு பேசியிருக்கு. பாதி நம்ம வீட்டுப் பங்குன்னு நான் சொல்லிட்டேன். பட்ட நஷ்டத்துக்கு அது ஈடே இல்ல. போன்ல சொன்னப்போ அந்தம்மா சரின்னாங்க, அடுத்த தடவையாவது உசுரோட இருக்கறவங்க பேரைச் சொல்லி வாக்குக் கொடுன்னாங்க. மாமா இப்ப என் பேர்லயே புதுப் பத்திரம் போடணும்ங்கறார். நாங்க ரெண்டு பேரும் உன் காலண்டருக்கு வண்டி ஓட்டின ஆளுங்கதானே தங்கச்சிங்கறார். வக்கீலம்மா, யோசிங்க, கூட்டாளியானா அவர் செய்யற தப்பும் உங்க தலையில வரும்னாங்க. என் தப்பை அவர் தலையில வாங்கிக்கிட்டாரே, நான் மட்டும் எப்படி மாட்டேங்கறது. அப்பா பங்குக்கு நீயும் வாரிசுங்கறதால உன் சம்மதமும் வேணுமாம், நகல் இதோட வெச்சிருக்கேன், முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. ஒருத்தர் இறந்தா என்ன ஆகும்ங்கறதை இந்தத் தடவை எழுதச் சொல்லிட்டேன்.

அதுக்கு முன்னாடி பழைய கூட்டை முடிச்சு நான் ஒரு காகிதம் எழுதிக் கொடுக்கணும். அதுல ரெண்டு தேதி. கணவர் இறந்த தேதி ஒண்ணு, அவர் இறந்தது எனக்குத் தெரிஞ்ச தேதி ஒண்ணு. அந்த ரெண்டாவது தேதியோட அவருக்காகப் பேசுற அதிகாரம் எனக்கு முடிஞ்சுதுன்னு வரும். முதல் தேதி கார்த்திகை பதினொண்ணு, என் கையைப் பிடிச்சுக்கிட்டே போனார், எழுதிட்டேன். ரெண்டாவதுல பேனா நின்னுபோச்சு. அதே தேதியைப் போடுங்கம்மாங்கறாங்க வக்கீலம்மா. போட்டா, தெரிஞ்சே அந்தம்மாகிட்ட பொய் சொன்னேன்னு ஆயிடும். அவங்க கதிரோட வந்த செவ்வாய்க்கிழமையைப் போட்டா, புத்தி பேதலிச்சவள்னு ஆயிடும். ரெண்டும் இல்லையே பாப்பு. இப்பவும் காலையில ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சிட்டு ஒண்ணைத் திருப்பி வைக்கிறேன்.

நீ அழாதே. சம்பளம் வந்தா முதல்ல உனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கு, நாள் முழுக்க நிக்கிற கால். பனிக்குத் தலையை மூடிக்கோ. நீ எடுக்கிற காரியம் எல்லாம் கைகூடி, நிறைஞ்ச வாழ்வு வாழணும்.

உன் அம்மா,
தி. காளியம்மாள்

வக்கீலம்மா திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, இது உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் அங்க போய் நிக்கணும். அவர் இல்லேன்னு எனக்கு எந்தத் தேதியிலேர்ந்து தெரியும் பாப்பு?